பழைய சோல் குரலுக்கு எந்த மைக், எந்த ப்ரீஆம்ப்? நான்கு மைக், மூன்று ப்ரீஆம்ப் வைத்துப் பாடவைத்துப் பார்த்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் அறுபதுகளில் பதிவான சோல் (சர்ச் பாட்டிலிருந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்க இசை) பாணியில் குரலைப் பதிவு செய்ய ஆசை, கையில் பணம் குறைவு என்றால் ஷூர் 545எஸ்டி டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச்சுருளும் உள்ள வகை) வாங்குங்கள், மிச்சப் பணத்தை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு ப்ரீஆம்பில் (மைக்கின் சன்னமான சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) போடுங்கள். பணம் இருந்தால் ஏஇஏ ஆர்84 ரிப்பன் மைக்கும் (மெல்லிய உலோகப் பட்டை அசைந்து சத்தத்தைப் பிடிக்கும் வகை) யுனிவர்சல் ஆடியோ சோலோ/610 ப்ரீஆம்பும். பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக்கை (நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும், இன்றைய ஸ்டுடியோக்களில் வழக்கமான வகை) இந்த வேலைக்கென்று புதிதாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தால் அதை வைத்து எப்படி ஒப்பேற்றுவது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இருக்கிறார், சர்ச் கொயரில் முப்பது வருடமாகப் பாடுகிறவர். தாழ்ந்த, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். ஒரு வரியை முணுமுணுப்பாகத் தொடங்கி அதன் கடைசிச் சொல்லில் கதவை உதைத்துத் திறக்கிற மாதிரி எழுவார். அவரே எழுதிய மூன்று பாடல்களைப் பதிவு செய்ய வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, ஓட்டிஸ் ரெட்டிங் பாட்டு கேக்குற மாதிரி இருக்கணும். ரேடியோ விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது." ஓட்டிஸ் ரெட்டிங் அறுபதுகளின் மெம்ஃபிஸ் சோல் பாடகர். என்னிடம் இருந்த கண்டென்சர் மைக்கை வைத்து, நேராக இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகி, ஒரு பாடலைப் பதிவு செய்து கேட்டோம். குரல் பளிங்கு மாதிரி இருந்தது, மூச்சு, உதடு பிரியும் சத்தம், ஒவ்வொரு 'ஸ'வும் ஊசி மாதிரி. அவர் பயந்தது எதுவோ அதுவேதான் வந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இதே வேலையாக இருந்தேன். சொந்தமாக இருந்தது, இரவல் வாங்கியது, வாடகைக்கு எடுத்தது எல்லாம் சேர்த்து நான்கு மைக்கும் மூன்று ப்ரீஆம்பும், ஒரே பாட்டு, ஒரே அறை, ஒரே அக்கா.

எதை வாங்குவது என்பதற்கு முன் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். பழைய சோல் சவுண்டு என்று ஒரே ஒரு சவுண்டு கிடையாது. மெம்ஃபிஸில் மெக்லமோர் அவென்யூவில் இருந்த ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். 1960-இல் அதை எடுத்து, திரை இருந்த மேடையில் கட்டுப்பாட்டு அறையைக் கட்டினார்கள், தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்டுக் கடை வைத்தார்கள், சாய்வான தரையைச் சமன் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். டிரம், கிட்டார், ஆர்கன், ஊதல்கள் (டிரம்பெட், சாக்ஸஃபோன்), பாடகர் எல்லாம் அந்த ஒரே பெரிய அறையில். அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஒரே டிராக், அதாவது வாசிக்கும்போதே கலவை முடிந்துவிடும், பிறகு குரலை மட்டும் தனியாக எடுத்துத் திருத்த வழி கிடையாது. டிரம் சத்தம் பாடகரின் மைக்கில் விழுகிறது, பாடகரின் குரல் டிரம் மைக்கில் தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி விழுகிறது. ஓட்டிஸ் ரெட்டிங்கின் குரலைச் சுற்றி ஒரு காற்று இருப்பதாகத் தோன்றுகிறதே, அதில் பெரும்பங்கு இந்தச் சிந்தல்தான். மைக்கைத் தேடும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

அதே ஊரில் ராயல் ஸ்டுடியோஸ். அதுவும் ஒரு பழைய தியேட்டர்தான், அங்கேயும் தரை சாய்வு. ஆனால் பாடகர் அல் கிரீன் அங்கே பதிவு செய்த எழுபதுகளின் தொடக்கப் பாடல்கள் வேறு உலகம். தயாரிப்பாளர் வில்லி மிட்செல் அவரைக் கத்தவிடவில்லை, மெதுவாகப் பாடச் சொன்னார். அவர் பாடிய மைக் ஆர்சிஏ 77-டிஎக்ஸ், மேலே 9 என்று எண் போட்டது. ரிப்பன் மைக், பக்கத்தில் நின்று, காதோடு பேசுகிற மாதிரி. ரிப்பனுக்குப் பக்கத்தில் போகப் போக பேஸ் ஏறிக்கொண்டே வரும், அந்தக் கதகதப்பு அதனால்தான். அப்புறம் டெட்ராய்ட் நகரம், மோடவுன் ரெக்கார்டு நிறுவனம். வெஸ்ட் கிராண்ட் புலிவார்டில் ஒரு வீடு, பரணையே எதிரொலி அறையாக்கியிருந்தார்கள். அங்கே குரல் பளிச்சென்று முன்னால் நிற்கும், ஒரு சின்ன காரின் ரேடியோவிலும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அங்கே நியூமன் கண்டென்சர் மைக்குகள் இருந்தன. ஆகவே "சோல் என்றால் ரிப்பன்", "சோல் என்றால் டைனமிக்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த ஊர், எந்த வருடம் என்று திருப்பிக் கேளுங்கள். நாங்கள் தேடியது மெம்ஃபிஸ். இந்த விமர்சனம் முழுக்க அந்தக் காதோடு எழுதியது.

சரி, மைக்குகள்.

ஷூர் 545எஸ்டி. யூனிடைன் III என்ற பெயரோடு 1959-இல் வந்த மைக் குடும்பம், எர்னி சீலர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. எல்லாரிடமும் இருக்கும் எஸ்எம்57 இதே கேப்ஸ்யூலிலிருந்து (மைக்கில் சத்தத்தைப் பிடிக்கும் உட்பகுதி) 1965-இல் பிறந்ததுதான். அப்படியானால் 57 போதுமே என்று கேட்பீர்கள். போதும், உண்மையாகவே போதும், ஏற்கெனவே 57 இருந்தால் 545-க்காக ஓட வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டதில் 545-இல் மேல் மிட் (நடு ஸ்தாயியின் மேல்பகுதி) கொஞ்சம் அடக்கமாக இருப்பதாக என் காதுக்குப் பட்டது, அக்கா உச்சத்துக்குப் போகும்போது 57 சற்றே கடித்தது, 545 கடிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நிறுவனம் கொடுக்கும் கணக்குப்படி 545 கேட்பது 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. இந்த வேலைக்கு அந்தக் குறைவே அதன் பலம். அந்தக் காலப் பாட்டு போய்ச் சேர்ந்தது ஏஎம் ரேடியோவுக்கும் 45 சுழற்சி ரெக்கார்டுக்கும், குரலின் உயிர் முழுவதையும் மிட்டிலேயே வைத்தாக வேண்டியிருந்தது, இந்த மைக் அதைக் கேட்காமலே செய்கிறது.

அக்கா இதில் ஒரு சாண் தள்ளி நின்று பாடினார். முதல் டேக்கிலேயே குரலில் தசை வந்தது. மென்மையான வரிகளில் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி கேட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் குரல் எழுந்தவுடன், அந்த இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தோம். நூறு டாலரைச் சுற்றி விற்கிற மைக் இது. பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அறுபதுகளின் 545 மைக்குகள் பலவற்றில் இன்றைய எக்ஸ்எல்ஆர் கனெக்டர் இல்லை, நான்கு முள் ஆம்ஃபினால் கனெக்டர் இருக்கும், உள்ளே உயர் இம்பீடன்ஸுக்குக் (மின்தடை அளவு) கம்பி மாற்றியிருக்கவும் கூடும். விற்பவரிடம் கேட்காமல் வாங்கினால் கேபிளுக்கு அலைய வேண்டிவரும். புதிய எஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை. மைக்கிலேயே ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச் உண்டு, நல்ல டேக் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் பட்டு அணைந்துவிடாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஆர்84. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஏஇஏ என்ற நிறுவனம் செய்கிறது. பழைய ஆர்சிஏ 44 மைக்கை மறுபடி உயிர்ப்பித்தவர்கள் இவர்கள், அந்தப் பெரிய ரிப்பனையே ஆர்84-இலும் போடுகிறார்கள். சுமார் இரண்டு மைக்ரான் தடிமன் அலுமினியம், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட வராது. காந்தத்துக்கு நடுவில் அது தொங்குகிறது, காற்று அசைத்தால் அசைகிறது, அந்த அசைவே மின்சாரமாகிறது. கண்டென்சரில் போல மேல் ஸ்தாயியில் ஒரு பளபளப்பை ஏற்றிக் காட்டும் பழக்கம் இதற்கு இல்லை. அக்கா பாடியதைக் கேட்டபோது 'ஸ' எல்லாம் வெறும் 'ஸ' ஆகவே இருந்தது, டீ-எஸ்ஸர் ('ஸ' சத்தத்தை அடக்கும் கருவி) போடவே இல்லை. குரலுக்குப் பின்னால் அறை கேட்டது. 545-இல் குரல் மட்டும் இருந்தது, இதில் ஒரு பெண் ஓர் இடத்தில் நின்று பாடுவது இருந்தது. இதைத்தான் தேடினேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் இதை வாங்க நினைப்பவர்கள் மூன்று விஷயத்தை யோசிக்க வேண்டும். முதலாவது தூரம். ஒரு சாணுக்குள் போனால் பேஸ் குவிந்து குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், அல் கிரீன் மாதிரி மெதுவாகப் பாடினால் அது அழகு, ஓங்கிப் பாடினால் சகதி. ஒரு முழம் தள்ளி நிற்க வைத்ததும் சரியாகிவிட்டது. இரண்டாவது கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு. ரிப்பனிலிருந்து வரும் சத்தம் சின்னது, மலிவான இன்டர்ஃபேஸில் கெய்னை முழுக்கத் திருகினால் இரைச்சல் ஏறும். ஓங்கிப் பாடுகிறவருக்குப் பிரச்சினை வராது, முணுமுணுக்கிறவருக்கு வரும். மூன்றாவது, இது நம் வீடுகளுக்கே உரிய தொல்லை, சீலிங் ஃபேன். காற்று பட்டால் ரிப்பன் உறுமும், பலமாகப் பட்டால் நீண்டு கெட்டுப்போகும். ஃபேனை நிறுத்தினால் அறை வேகிறது, பாடுகிறவர் வியர்த்துப் போகிறார். நாங்கள் காலை ஐந்தரை மணிக்குப் பதிவு செய்தோம், வேறு வழி தெரியவில்லை.

எட்டு வடிவத்தில் முன்னும் பின்னும் கேட்பது ரிப்பனின் குணம், பக்கவாட்டில் அது கிட்டத்தட்டச் செவிடு. இதை வைத்து ஒரு காரியம் செய்தோம், இந்த இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, பின்னணி இசையை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மைக்கின் பக்கவாட்டில் வைத்து ஓடவிட்டோம். ஸ்பீக்கர் சத்தம் குரல் டிராக்கில் லேசாகத்தான் விழுந்தது, ஆனால் அக்கா பாடிய விதமே மாறிவிட்டது. ஹெட்ஃபோனில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு ஜாக்கிரதையாகப் பாடியவர், சர்ச்சில் ஆர்கனோடு போட்டி போட்டுப் பாடுகிற மாதிரி பாடத் தொடங்கினார். லேசாக விழுந்த அந்தச் சிந்தலை நான் எடுக்கப் பார்க்கவில்லை. கலவையில் அது குரலையும் டிரம்மையும் ஒட்டவைத்தது.

பேயர்டைனமிக் எம்160 பற்றிச் சுருக்கமாக. 1957-இல் வந்த ஜெர்மன் மைக், உள்ளே இரட்டை ரிப்பன், பின்னாலிருந்து வருவதைப் பெரிதாகக் கேட்காது. உங்கள் அறை மோசமானது, பின்சுவரிலிருந்து எதிரொலி வருகிறது என்றால் ஆர்84-ஐ விட இதுதான் உங்களுக்கு. சின்னது, ஆர்84-ஐ விட விலையும் குறைவு. குரல் கொஞ்சம் மெலிந்து கேட்டது, ஆர்84-இன் அந்த அகலம் இதில் இல்லை. கிட்டார் ஆம்புக்கும் ஊதல்களுக்கும் சேர்த்து ஒரே மைக் வாங்குகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

நான்காவது, நியூமன் யூ47-ஐப் பார்த்துச் செய்த ஒரு டியூப் (பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்) கண்டென்சர், வாடகைக்கு எடுத்தது. அசல் யூ47 என்பது 1949-இல் வந்தது, அதில் இருந்த விஎஃப்14 டியூப் கிடைக்காமல் போனதும் அந்த மைக்கையே நிறுத்தவேண்டி வந்தது, இன்று நல்ல நிலையில் ஒன்று வாங்கப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வேண்டும். நகல்களில் பலவற்றுக்கு மேல் ஸ்தாயி அசலை விடக் கூர்மை. நாங்கள் எடுத்ததும் அப்படித்தான். மோசமான மைக் என்று சொல்லமாட்டேன், இன்றைய மெலடிப் பாட்டுக்கு அருமையாக இருக்கும். எங்கள் பாட்டுக்குப் பொருந்தவில்லை.

உங்களிடம் கண்டென்சர்தான் இருக்கிறது என்றால்: பாடுகிறவரை ஒன்றரை முழம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், மைக்கில் ஆம்னி (எல்லாத் திசையிலும் கேட்கும்) வசதி இருந்தால் அதில் வையுங்கள், கேப்ஸ்யூலை வாய்க்கு நேராக வைக்காமல் நெற்றி உயரத்தில் வைத்து மூக்கைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். பிறகு 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு நான்கு டெசிபெல் இறக்கி, டேப் சாச்சுரேஷன் ப்ளக்கின் (பழைய டேப்பின் கரகரப்பைச் சேர்க்கும் மென்பொருள்) ஒன்றை லேசாகப் போடுங்கள். முக்கால் தூரம் போய்விடலாம். நான் சரிபார்த்துத்தான் சொல்கிறேன், முதல் நாள் பதிவு செய்த அந்தப் பளிங்கு டேக்கையே இப்படிக் கொஞ்சம் தேற்ற முடிந்தது. தூரத்தை மட்டும் பிறகு எந்த ப்ளக்கினாலும் கொண்டுவர முடியவில்லை.

இனி ப்ரீஆம்ப். இங்கேதான் பலர் தவறான இடத்தில் பணத்தைப் போடுகிறார்கள். பழைய சவுண்டு வேண்டும் என்றவுடன் யாரைக் கேட்டாலும் "நீவ் மாதிரி ஒன்று வாங்கு" என்கிறார்கள். நீவ் என்பது மிக்சர் மேசைகளுக்குப் பெயர்போன நிறுவனம், அதன் 1073 ப்ரீஆம்ப் வந்தது 1970-இல், இங்கிலாந்தில். ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தது 1967 டிசம்பரில். அவர் குரல் எந்த நீவ் வழியாகவும் போகவில்லை. அந்த அறைகளில் இருந்தவை டியூப் கருவிகள், ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்கள், ஆல்டெக் மாதிரி பொதுமேடைகளுக்குச் செய்த மிக்சர்கள். நான் வைத்துப் பார்த்ததில் 1073-ஐப் பின்பற்றிய ஒரு ப்ரீஆம்பும் உண்டு. கீழ் மிட் தடித்து, குரல் எழுபதுகளின் ராக் பாட்டு மாதிரி பெரிதாக வந்தது. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் காலம் பத்து வருடம் தள்ளிப் போய்விட்டது.

யுனிவர்சல் ஆடியோ சோலோ/610. பில் பட்னம் என்ற ஒலிப்பொறியாளர் 1960-ஐ ஒட்டி ஹாலிவுட்டில் தன் யுனைட்டெட் ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்காகச் செய்த மிக்சர் மேசையின் வழி வந்தது. ஒரு சேனல் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம் என்பது அந்த மேசையின் பெரிய வசதி, அந்த ஒரு சேனலைத்தான் இப்போது கைப்பிடி வைத்த ஒரு பெட்டியாக விற்கிறார்கள். உள்ளே டியூப், உள்ளேயும் வெளியேயும் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு திருகிகள்: கெய்ன், லெவல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா விளையாட்டும். கெய்னைக் குறைத்து லெவலை ஏற்றினால் ஒழுங்கான, சுத்தமான ப்ரீஆம்ப். கெய்னை முக்கால் வரை ஏற்றி லெவலை இறக்கினால், மெதுவாகப் பாடும்போது சுத்தமாக இருக்கும் குரல், ஓங்கியவுடன் ஓரம் கரகரக்கும். எப்போதும் உடைந்தே கேட்கும் டிஸ்டார்ஷன் வேறு, பாடுகிறவர் தள்ளினால் மட்டும் உடையும் டிஸ்டார்ஷன் வேறு. பழைய ரெக்கார்டுகளில் உச்சத்தில் குரல் லேசாகக் கிழிகிறதே, அது இரண்டாவது வகை. கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரில் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிழிசல் பழக்கமானதுதான், எங்கே அது அழகு, எங்கே தொல்லை என்பது காதுக்கே தெரியும்.

மைக் இம்பீடன்ஸை 500 ஓமிலும் 2,000 ஓமிலும் மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. ரிப்பனுக்கு 2,000-இலேயே வையுங்கள், 500-இல் குரல் மங்கி, பேஸும் சுருங்கிவிடுகிறது. 545-ஐ 500-இல் வைத்தபோது மாறாக ஒரு நல்ல இருள் வந்தது, அக்காவுக்கு அது பிடித்தது. அதிகபட்சக் கெய்ன் சுமார் 61 டெசிபெல், ஓங்கிய குரலோடு ஆர்84-க்குத் தாராளம். மெதுவான பாட்டில், அதே ரிப்பனில், டியூப் இரைச்சல் கேட்டது. பின்னணியில் டிரம்மும் ஆர்கனும் வந்ததும் மறைந்துவிட்டது, வெறும் கிட்டாரோடு பாடுகிற பாட்டென்றால் மறையாது. ஊசி மீட்டர் இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது, எவ்வளவு தள்ளுகிறோம் என்பதைக் காதை வைத்து மட்டுமே கணிக்க வேண்டியிருக்கிறது. ஆயிரம் டாலரைச் சுற்றி விலை, ஒரே ஒரு சேனலுக்கு இது அதிகம்தான். இருந்தும் நான் பார்த்ததில் இந்த வேலைக்கு மிக நெருக்கமானது இதுதான்.

மூன்றாவது, நண்பர் ஒருவர் இரண்டு நாளைக்குக் கொடுத்த ஆல்டெக் 1567ஏ. ஐந்து சேனல் டியூப் மிக்சர், பச்சைப் பெட்டி, பள்ளிகளிலும் சர்ச்சுகளிலும் ஒலிபெருக்கிக்காக வைத்த சாதனம். நான்கு சேனல்களுக்கு டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகச் செருக வேண்டும். இதைக் கவனியுங்கள், மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்கினால் பெரும்பாலும் அந்த டிரான்ஸ்ஃபார்மர்களைப் பிடுங்கித் தனியாக விற்றிருப்பார்கள், வெறும் பெட்டிதான் வரும். அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அவ்வளவுதான், இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஹம் (மின்சார ரீங்காரம்) இருந்தது, இரண்டு திருகிகள் கரகரத்தன. ஆனால் 545-ஐ அதில் செருகி அக்கா பாடிய ஒரு டேக் இருக்கிறதே, 610-இல் கூட அது வரவில்லை. குரலின் நடுப்பகுதி கெட்டியான பனைவெல்லப் பாகு மாதிரி. நல்ல டெக்னீஷியன் பக்கத்தில் இருந்து, பழுது பார்க்கப் பொறுமையும் இருந்தால் தேடிப்பாருங்கள். வாடிக்கையாளருக்கு நேரம் சொல்லி வேலை செய்கிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

இவை எதுவும் வாங்க முடியாது என்கிறவர்களுக்கு: கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு பூஸ்டர் ஃபேன்டம் பவரில் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) ஓடி சுமார் 25 டெசிபெல் சுத்தமான கெய்ன் கொடுக்கிறது, சாதாரண இன்டர்ஃபேஸோடு ரிப்பனையோ 545-ஐயோ பயன்படுத்த அது போதும். நிறம் எதுவும் சேர்க்காது, அதைப் பிறகு ப்ளக்கினில் சேர்க்க வேண்டியதுதான்.

நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். ஆர்84 கைக்கு வருவதற்கு முன் ஒரு பழைய ரிப்பன் மைக்கை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். "வேலை செய்கிறது" என்றார், வேலை செய்யவும் செய்தது. ஆனால் சத்தம் வழக்கத்தை விட மிகவும் குறைவு, 'ப' வரும் இடமெல்லாம் ஒரு தொப்பென்ற அடி, பேஸில் ஒரு நடுக்கம். திறந்து பார்த்த டெக்னீஷியன், ரிப்பன் தொய்ந்து வளைந்து கிடப்பதைக் காட்டினார். வருடக்கணக்கில் படுக்க வைத்தே வைத்திருக்கிறார்கள். நீளமான ரிப்பனை எப்போதும் நிற்க வைத்துத்தான் வைக்க வேண்டும். புது ரிப்பன் மாட்டியதில் மைக்கின் விலையில் பாதி போனது. பழைய ரிப்பன் வாங்குகிறீர்கள் என்றால் நேரில் போங்கள், உங்கள் 57-ஐ எடுத்துக்கொண்டு போய் இரண்டிலும் ஒரே தூரத்தில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். மைக் ஓடுகிறதா என்று ஊதிப் பார்க்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள், விற்பவர் ஊதிக் காட்டினாலும் வாங்காதீர்கள். ஃபேன்டம் பவர் விஷயத்திலும் கவனம், ஒழுங்கான கேபிளில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு கம்பி தவறாகப் பற்றவைத்த கேபிள் போதும் ரிப்பனை முடித்துவிட.

கம்ப்ரெஸர் (குரலின் உச்சத்தை அடக்குவது), ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்ஏ-2ஏ வகை ஆப்டிகல் கம்ப்ரெஸர் ப்ளக்கின், உச்சத்தில் ஐந்து டெசிபெல் இறங்குகிற அளவு, அவ்வளவுதான். ரிவெர்ப்புக்கு இஎம்டி 140 பிளேட் (உலோகத் தகட்டால் எதிரொலி உண்டாக்கும் கருவி) போன்ற ப்ளக்கின், அசல் பிளேட் 1957-இல் வந்தது, கிட்டத்தட்ட 270 கிலோ. மோனோவில் போடுங்கள், குரலுக்கு நேர் பின்னால். இடமும் வலமுமாக விரித்தால் அந்தக் காலம் கலைந்துவிடுகிறது.

கடைசியில் மூன்று பாடலில் இரண்டை ஆர்84, 610 ஜோடியில் எடுத்தோம். மூன்றாவது, அந்த ஓங்கிப் பாடும் பாட்டு, 545-ஐ ஆல்டெக்கில் செருகி எடுத்த டேக்தான், ஹம்மோடு சேர்த்தே வைத்துக்கொண்டோம். அதில் இரண்டாவது சரணத்தில் அக்கா மைக்கை விட்டு ஒரு அடி நகர்ந்துவிட்டார், குரல் அரை நொடி தூரம் போய்த் திரும்புகிறது. இன்னொரு டேக் எடுக்கலாமா என்று கேட்டேன். ஸ்பீக்கரில் இரண்டு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, "வேணாம் தம்பி, அங்க நான் கண்ண மூடிட்டேன், அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் வாடகைக் கண்டென்சரைத் திருப்பிக் கொடுத்தேன். 545 ஸ்டாண்டிலேயே இருக்கிறது, சுவிட்சின் மேல் டேப் ஒட்டியபடி.